அமைதி நாள்

இரும்பு ஆகாத அந்தக் கட்டடத்துக்கு
ஆணிகூடப் பித்தளைதான்.
வாசலுக்கு எட்டடி முன்னால் ஒரு கல்தூண், மேலே மரத்தட்டு.
பேராச்சி மேடம் முதலில் ஹேர்பின்களைப் போடுவார்,
பிறகு கைக்கடிகாரம்,
பிறகு பையடியில் தங்கிப்போன ஐந்து ரூபாய்.
"அண்ணாச்சி, பெல்ட்டு"
என்பார் திரும்பிப் பார்க்காமலே.
இருபது வருஷம் கால்சட்டையைக் கையில் பிடித்தபடிதான்
அறிவியலுக்குள் போயிருக்கிறேன்.

மூலைக்கரைப்பட்டி சாலையில்
உடைமரங்களுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவே எங்கள் நிலையம்.
காந்த ஊசி இங்கே மேலும் கீழும் சாயாது,
மட்டமாய்க் கிடக்கும்.
பூமியைச் சுற்றி அப்படி ஒரே ஒரு கோடு,
அது நம்ம ஊர்ப்பக்கமாப் போகுது
என்று வேலியோரம் ஆடு மேய்க்கும்
சுடலைக்கண்ணுவிடம் விளக்கினார் ஒருநாள்.
"அதனால மழை பெய்யுமா தாயி?"
மேடம் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம்.
அன்றைய பதிவில் அதற்குத் தடயமில்லை.
சிரிப்பில் இரும்பு கிடையாது.

பதினோரு மணிக்குமேல் கோடு எழும்பும்.
"மேல நூறு கிலோமீட்டர்ல மின்சாரமா ஓர் ஆறு ஓடுது அண்ணாச்சி,
நம்ம பொருநை மாதிரியே
கெழக்க பாத்து."
சில நாள் அது திரும்பி மேற்கே ஓடும்.
ஏன் என்று பார்ப்பதில்தான்
மேடத்துக்குப் பதினான்கு வருஷம் போனது.
கட்டுரையில் கடைசிப் பத்தி பாக்கி.

செவ்வாய்க்கிழமை.
அம்பாசமுத்திரத்தில் சடங்கு வீடு.
பந்தியில் உட்கார்ந்து
இலையில் தண்ணீர் தெளித்தார்,
அப்படியே சாய்ந்தார்.
நாற்பத்தாறு வயது.
சோறு விழாத இலை.

மறுநாள் கேதம் முடிந்து
வீட்டுக்குப் போகாமல் நிலையத்துக்கு வந்தேன்.
கதவைத் திறந்து உள்ளே நின்றேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பட்டியல் வந்தது,
உலகத்துக்கெல்லாம் பொதுவாக:
மாதத்தின் மிக அமைதியான ஐந்து நாட்கள்.
அந்தச் செவ்வாய் அதில் இருந்தது.
கணினியை அணைத்துவிட்டு
வெளியே போய் மூன்று டீ குடித்தேன்.
பட்டியல் தப்பில்லை.
மேடமே பார்த்திருந்தாலும்
சரி என்றுதான் டிக் அடித்திருப்பார்.

புதன்கிழமைக் கோட்டில்தான் ஒரு துருத்தல்,
நான்கு இருபதிலிருந்து நான்கு நாற்பதுவரை.
வானத்திலிருந்து வந்ததில்லை அது.
என் வண்டிச் சாவி,
என் பெல்ட்டுக் கொக்கி.

பேரேட்டை எடுத்தேன்.
இதற்கு அவர் எழுதும் வாசகம் மனப்பாடம்:
"மனிதர் புகுந்தது. இயற்கையன்று. நீக்குக."
எழுதினேன். நீக்கினேன்.
சரிபார்த்தவர் என்ற கட்டம்
வெறுமனே கிடக்கிறது.

தட்டில் இரண்டு ஹேர்பின்,
திங்கள் சாயங்காலம் அவசரத்தில் விட்டுப்போனவை.
துரு ஏறத் தொடங்கியிருக்கிறது.
எட்டடி தூரம். கருவிக்குத் தெரியாது.
அங்கேயே இருக்கட்டும்.