பெயரில்லாத முகடு

இதல்கஸ்ஹின்ன ஸ்டேசனுக்குக் கீழே
தண்டவாளச் சரிவில்
சிவந்து நிற்கிறது காட்டு சேஜ்.
எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் களை.
அதற்கு மருந்தடித்தால்
செபமாலைக்கு அரைப்பேர்.

ஒரு புல்லிக்குள் நாலே நாலு விதை.
பனி பட்டால் கூழாகி
விரலோடு ஒட்டிக்கொள்ளும்,
உதறினாலும் போகாது.
நானும் திலகேஸ்வரியும்
ரெண்டு ஞாயிறு உருவி
இருபது கிராம் சேர்த்தோம்.
பதுளை ரயிலில் ஒரு பிள்ளை கையசைத்தது.
எங்களால் கை காட்ட முடியவில்லை.

பேராதனை ஆய்வுகூடத்தில்
அரைத்து, காகிதக் கூட்டில் இட்டு
ஹெக்சேனை மேலே ஏற்றினேன்.
ஆவியாகும், குளிரும், சொட்டும்,
கழுத்துவரை நிறையும்,
மடக்கென்று வடியும்.
மறுபடி.
ஆறு மணி நேரம். நடுவில் ஒருதரம் கரண்ட் போனது.
கடைசியில் குப்பியடியில்
சாயம் இறங்காத பிளேன்டீ போல
ஒரு மஞ்சள்.

கருவி தாளில் மலை வரையத் தொடங்கியது.
பாமிற்றிக், ஒரு மேடு.
ஸ்டீரிக், அதுகூட இல்லை.
ஒலெயிக். லினோலெயிக்.
பிறகு
தாளின் உச்சியை முட்டிக்கொண்டு லினோலெனிக்:
மூன்று இரட்டைப் பிணைப்பு,
மூன்று இடத்தில் வளைந்த சங்கிலி.
வளைந்ததால் நெருங்கி அடுக்க முடியாது,
அடுக்க முடியாததால்
எங்கள் மார்கழிக் குளிரிலும் உறையாது.

அதற்கும் அப்பால்
எல்லாம் அடங்கிய சமவெளியில்
தனியாக இன்னொரு முகடு.
கையிலிருந்த எந்த நியமத்தோடும் பொருந்தவில்லை.
மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.
சோறு இறங்கவில்லை.
அதற்கு வைக்க ஒரு பெயர்கூட
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

நிலந்த கேட்டான்:
"விதையை எதில கொண்டு வந்தீங்க?"
"ஷொப்பிங் பேக்ல."
அவன் சிரிக்கவில்லை, அது பெரிய உபகாரம்.
பையில் ஒரு துண்டு வெட்டி
ஹெக்சேனில் ஊறப்போட்டு ஓட்டினான்.
அதே நிமிடம். அதே முகடு.

அடுத்த ஞாயிறு
ஜாம் போத்தலைக் கழுவிக் காயவைத்து
முதல் ரயில் பிடித்தேன்.
சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது.
"நேத்துத்தான் அடிச்சோம் புள்ள,"
டாங்கி முதுகோடு செபமாலை,
"நல்லா இருந்துச்சு, முழுப்பேரே போட்டாங்க."

மதகுக்கு அந்தப் பக்கம்
குழாய் எட்டாத இடத்தில்
இரண்டு தண்டு.
குந்தியிருந்து உருவினேன்.
கண்ணாடியில் விதை விழுகிற சத்தம்
அன்றுதான் கேட்டேன்.