பாயான் லெப்பாஸ், இரவு 11.40

முதல் பிழை நானூற்றுப் பன்னிரண்டு வரி.
கோணக் குறிக்குள் கோணக் குறி, அதற்குள்ளும்.
முதல் வரியை மட்டும் படி,
மீதியெல்லாம் அதன் எதிரொலி என்று
நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள் சியூ லிங்.
ஒரு அரைப்புள்ளிதான். போட்டேன்.

இப்போது லிங்க்கர்:
பெயர் இருக்கிறது. உடல் எங்கே?

ஹெட்டரில் வாக்குக் கொடுத்துவிட்டு
டெம்ப்ளேட்டை வேறு கோப்பில் எழுதியிருக்கிறேன்.
அச்சை அலமாரியில் பூட்டிவிட்டு
மாவை மட்டும் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால்
அச்சுமுறுக்கா வரும்?

வெட்டி, ஹெட்டரில் ஒட்டினேன்.
மறுபடி முதலிலிருந்து பில்ட்.
சியூ லிங் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கைப்பேசி நடுங்குகிறது. பட்டர்வொர்த்திலிருந்து நிரோஷன்.
எட்டு மணிக்கே அனுப்பியிருந்தேன்,
'வந்துட்டே இருக்கேன்' என்று.

பாலத்துக்கு இந்தப் பக்கம்
அறுபத்தொரு விழுக்காடு.