புள்ளி விழுந்த கோப்பைகள்

முந்தாநாள் இரவு பதினொன்று நாற்பதுக்குக்
கூம்பு தலை கவிழ்ந்தது.
காஸை அடைத்தோம்.
பார்வைத் துவாரத்துக்குச் செங்கல் வைத்து
விளிம்பில் களி பூசினாள் யோகமலர்.
பிறகு செய்ய ஒன்றுமில்லை.

இதுதான் கடினம்.
எரிக்கிறபோது கைக்கு வேலை இருக்கும்.
ஆறுகிறபோது
சூளைக்கு மட்டும்தான் வேலை.

விடிய, அறுநூற்றிப் பத்து.
முல்லைத்தீவுக்கு முதல் பஸ் போனது.
மத்தியானம், முந்நூற்றி நாற்பது.
கொழும்பிலிருந்து போன்: திறந்தாச்சா?
இல்லை.
நாலு மணிக்கு, இருநூற்றிப் பத்து.
கதவை ஒரு விரல் நீக்கிப் பார்ப்பமே
என்று கேட்டது நான்தான்.
அவள் சுவரோரம் கையைக் காட்டினாள்:
பங்குனியில் அவசரப்பட்ட முப்பத்திநாலு தட்டு,
எல்லாம் சரிபாதியாய்,
கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் உதவாமல்.

இரவு உள்ளே கிணிங் என்றது.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிணிங்.
மெருகு அளவில்லாத சட்டை போட்டுப் பார்க்குது, என்றாள்.
சிரித்தோம். பிறகு எண்ணத் தொடங்கினோம்.
பதினேழுக்குப் பிறகு எனக்கு நித்திரை.

காலையில் எண்பது. திறந்தோம்.
மேல்தட்டில் நாற்பத்தெட்டுக் கோப்பை.
உமிச்சாம்பல் மெருகு, மோர் நிறம்.
அவர்கள் கேட்டதும் அதுதான்,
ஒரு மறு இல்லாமல்.

மறு இருந்தது.
கபிலப் புள்ளிகள், கடுகளவில்.
ஒன்று மட்டும் வேர்விட்டுக்
கைபிடிவரை வழிந்திருந்தது.

குளத்து மண்ணை மூன்று தரம் கரைத்து
மூன்று தரம் காந்தம் விட்டிருந்தேன்.
அதில் ஒட்டி வந்ததெல்லாம் பால்மா ரின்னில் இருக்கிறது.
துரு, ஆணி நுனி,
இந்தக் கற்சிலைமடுவில்
என்னவென்று யாரும் கேட்காத சில்லுகள்.
ரின் அரைவாசி நிறைந்துவிட்டது.
எங்கே கொட்டுவதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

படம் அனுப்பினேன். மன்னிப்பும் எழுதினேன்.
இரண்டு நிமிடத்தில் பதில்:
அழகு! இந்தப் புள்ளியை எப்படி வைத்தீர்கள்?
அடுத்த ஓடர் முழுக்க இப்படியே வேணும்.
கொஞ்சம் கூடுதலாக.

யோகமலர் வாசித்தாள்.
போனை என் கையில் தந்துவிட்டுக்
கீழ்த்தட்டுக்குக் குனிந்தாள்.
அங்கே இன்னும் சூடு.
துணியால் பிடித்து ஒவ்வொன்றாய் எடுத்தாள்,
புள்ளி உள்ளது ஒருபக்கம்,
இல்லாதது ஒருபக்கம் என்று பிரிக்காமல்.

நான் ரின்னைத் திறந்தேன்.
கரண்டி எப்படிக் கைக்கு வந்ததென்று தெரியாது.
"எவ்வளவு விலை சொல்ல?" என்றேன்.
அவள் திரும்பவில்லை.
"முதல்ல அதை மூடு."