நூற்று அறுபத்து மூன்று மீட்டர், சொச்சம்

புக்கிட் தீமா உச்சிக்கு மின்தூக்கி கிடையாது.
இருந்திருந்தால்
பழுதுபார்க்க என்னைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

பதினெட்டு வருடமாக
ராஃபிள்ஸ் பிளேசில் அறுபது மாடி, அறுபத்தாறு மாடி.
தினமும் இந்தக் குன்றைவிட உயரம் போய்வந்துதான்
மதியச் சாப்பாடு,
முட்டி மடங்காமல்.

இன்று விடுப்பு.
சட்டைப் பையில், நான்காக மடித்த தாளில்
என் சர்க்கரை அளவு.
குரங்குக்குத் தீனி போடாதீர் என்ற பலகைமேல்
குரங்கு உட்கார்ந்து
என் பிளாஸ்டிக் பையை எடைபோட்டது.

முதல் ஏற்றம் வெறும் தார்ச்சாலை.
அதற்கே மூச்சு கழன்றுகொண்டது.
முதுகில் மூட்டையோடு ஒரு பெண்
என்னைத் தாண்டி ஏறினாள்,
இறங்கினாள்,
மறுபடி ஏறினாள்.
பெயர் சியூ லான். மூட்டையில் பத்துக் கிலோ அரிசி.
அடுத்த மாதம் கினபாலு போகிறாளாம்;
அதற்குள் இந்தக் குன்றையே
திரும்பத் திரும்ப அடுக்கி
ஒரு மலையாக்கிக்கொள்கிறாள்.
“நீங்க எத்தனை முறை?”
பேச மூச்சில்லை. ஒரு விரல் காட்டினேன்.

உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாகச் சொட்டியது.
ஒரு செராயா மரத்தில் அலுமினியத் தகடு, எண்ணோடு;
என் பெட்டிகளுக்கும் இப்படித்தான்.
தொங்கும் கொடியைக் கண்டதும்
கை தானாகப் புரி எண்ணியது:
அறுந்தது எத்தனை, தேய்ந்தது எங்கே.
அது பற்றியிருந்த மரம் எப்போதோ விழுந்துவிட்டது.
கொடி மட்டும்
பக்கத்து மரத்துக்குக் கைமாறி இருந்தது,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

நின்றுபோன பெட்டிக்குள் மாட்டியவர்களிடம்
நான் வழக்கமாகச் சொல்வது:
சாய்ந்து உட்காருங்கள்,
மூச்சை மெதுவாக விடுங்கள்,
ஆள் வந்துகொண்டே இருக்கிறது.
வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்து
அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.
ஆள் வரவில்லை.
எதிர் மரத்தில் பட்டையின் ஒரு துண்டு
கண் திறந்து என்னைப் பார்த்தது.
அதன் மடிக்குள்ளிருந்து இன்னும் சிறிதாய்
வேறு இரண்டு கண்கள்.
பிறகு எல்லாம் பட்டைதான்.

உச்சியில் ஒரு பாறை, அதில் உயரம்,
படமெடுக்க வரிசை.
பார்க்க ஒன்றுமில்லை, நாலாபுறமும் மரம்.
மரங்களுக்கு அந்தப் பக்கம்
விரைவுச்சாலை மட்டும் கடல்போல.
பாறை முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.
பழக்கதோஷம்:
கதவு திறக்கட்டும் என்று.

இறங்கும்போதுதான் தெரிந்தது
முட்டி எனக்கு இரண்டு இருப்பது.
எதிரே சியூ லான், முகமெல்லாம் உப்பு.
அவளிடமும் இப்போது பேச்சில்லை.
ஆறு விரல் காட்டினாள்.
நானும் காட்டினேன்,
அதே ஒன்றை.