வெட்டும் இடம்

கதவைத் திறக்கப் போகிறாள்.
கைப்பிடி பாதி திரும்பிவிட்டது.
அங்கேதான் நான் வெட்டுவேன்.

வார்சாவில் ஒரு கட்டடத்தின் நான்காம் தளம்,
சன்னலில்லாத அறை,
இரண்டு திரைகள், ஆறிப்போன தேநீர்.
எந்த நொடியில் நிறுத்தினால்
ஆள் எழுந்துபோக மாட்டான் என்று பார்த்துக்
குறிபோடுவதற்குச் சம்பளம்.
பிணத்தைக் காட்டிவிட்டு நிறுத்தினால் போய்விடுவான்.
காட்டுவதற்கு முன்னால் நிறுத்தினால்
சளி மருந்தையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.
முத்தமென்றால்
உதடுகளுக்கு நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருக்கும்போது.
கழுத்தறுப்பு என்று திட்டுகிறார்கள்.
தவறு. கழுத்துக்குச் சற்று முன்னால்.

மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்கிறது சட்டம்.
நாங்கள் சட்டத்தை மீறுவதில்லை.
எங்களைப் பற்றி நாங்களே பேசிக்கொள்வது
கணக்கில் வராது, அவ்வளவுதான்.

மூட்டுவலி. நெஞ்செரிச்சல்.
சுலபக் கடன். கல்லீரல்.
ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் ஒரு குரல்
உட்கொள்ளுமுன்துண்டுச்சீட்டைப்படிக்கவும்அல்லதுமருத்துவரை
என்று ஓடுகிறது,
பேருந்து கிளம்பிவிட்டதைப் பார்த்தவன்போல.

ராடோம் நகரத்திலிருந்து ஒருவர் எழுதுவார்.
பெயர் வியெஞ்சிஸ்வாவ்.
கோடுபோட்ட தாள், பச்சை மை.
புகார்ப் பிரிவிலிருந்து போகுமீவா
படியேறி வந்து என் மேசையில் வைப்பாள்:
"உன் ரசிகர்."

"இரவு 8.47க்கு நிறுத்தினீர்கள்.
9.04க்குத் திரும்பினீர்கள்.
அதற்குள் நான்
பூனைக்கு மீன் வைத்தேன்,
இரண்டு சட்டி கழுவினேன்,
தங்கையைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டைபோட்டுச்
சமாதானமும் ஆகிவிட்டேன்.
வந்து உட்கார்ந்தால்
யார் மேல் சந்தேகப்பட்டேன் என்பது மறந்துபோயிற்று.
தவிரவும், விளம்பரத்தில் மட்டும் ஏன் கத்துகிறீர்கள்?
நான் செவிடனில்லை.
பூனை அலமாரிமேல் ஏறிவிட்டது, இறங்க மறுக்கிறது."

சத்தம் என் கையில் இல்லை.
அது மூன்றாம் தளம்.

பிப்ரவரியில் ஒரு சுரங்கம் சரிந்தது.
நாடு முழுக்கத் துக்கம், மூன்று நாள்,
விளம்பரம் கிடையாது.
எனக்கு வேலையும் கிடையாது.
வீட்டில், கம்பளிக்குள், முதல்முறையாக
ஒரு படத்தை அதன் போக்கில் விட்டுப் பார்த்தேன்.
அதே படம். அதே தாழ்வாரம். அதே பெண்.
கைப்பிடி பாதி திரும்பியது.
என் விரல் தானாக மடங்கியது.
கைப்பிடி முழுக்கத் திரும்பியது.
கதவு திறந்தது.

உள்ளே யாருமில்லை.
நாற்காலிமேல் ஒரு மேல்கோட்டு.
விளக்கை அணைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

நானும் எத்தனை முறை
இந்த அறைக்குள் ஏதோ இருக்கிறதென்று
ஊரையே நம்பவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை போகுமீவா ஒரு கட்டோடு வந்தாள்.
உருளைக்கிழங்கை எப்போது இறக்குவதென்று கேட்டு ஒருத்தி.
நாய் கம்பளத்தில் போய்விட்டதற்கு
யார் பொறுப்பென்று ஒருவர்.
சிறுநீரகம் பற்றி மூன்று பேர்,
அதில் ஒருவர் வழக்கறிஞர்.

அடியில் பச்சை மை:
"ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம்.
எழுந்திருக்கவே விடவில்லை.
இருபதாம் நிமிடத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன்.
நல்ல படமில்லை.
இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.
தங்கையோடு பேசவில்லை."

அன்றிரவு விளம்பரங்கள் திரும்பி வந்தன.
வேறு படம்: ஒரு கிழட்டுக் கப்பல், ஒரு பெட்டி,
பூட்டில் நுழையும் சாவி.
8.47.
வெட்டினேன்.

ராடோமில் இந்நேரம் ஒரு எண் சுழற்றப்படுகிறதா,
எதிர்முனையில் யாராவது எடுக்கிறார்களா,
என் திரைகளில் தெரியாது.
இருமல் மருந்து முழுச் சத்தத்தில் தொடங்கிவிட்டது.
பூனை எங்கே இருக்கும் என்பது மட்டும்
தெரியும்.