பதினொரு விநாடி

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டை
நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
நாயகிக்கு நகம் நீளம்.
அருவாமனையில் உட்காரவும் தெரியாது.
பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த என்னை
"அக்கா, கையை மட்டும் காட்டுங்க" என்று
கூட்டிப்போனான் கிளாப் அட்டைத் தம்பி.
கண்ணாடி வளையல் ஒரு டஜன் ஏற்றினார்கள்.
மூன்று வருடமாய் வெறுங்கை.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
ஐந்நூறு ரூபாய். அன்றைக்கே கையில்.

இன்று ராத்திரி எட்டரைக்கு
அந்த நூற்றி முப்பத்தேழாம் பாகம்.
கரண்டு பில்லின் பின்பக்கம்
பால் கணக்குப் போல
கோடு போட்டு எண்ணுகிறேன்.

பெண்கள் ஏழு பேர்.
ஆறு பேர் அடுப்பங்கரையிலிருந்து வருகிறார்கள்
அல்லது அடுப்பங்கரைக்குப் போகிறார்கள்.
ஒருத்தி மட்டும் ஆபீஸ் போய்த் திரும்புகிறாள்.
அவள் செருப்பைக் கழற்றும்போதே
புலி வருகிற மாதிரி ஒரு இசை.
தூங்குகிறவளும் பட்டுச்சேலையில் தூங்குகிறாள்.

ஐம்பத்திரண்டு தடவை பேசுகிறார்கள்.
நாற்பத்து நான்கு,
சிங்கப்பூரில் இருக்கிற ஒருத்தனைப் பற்றி.
இந்தப் பாகத்தில் அவன் வரவேயில்லை.
மீதி எட்டில் மூன்று "ஐயோ".
இரண்டு "அத்தை".
இரண்டு சாமியிடம்.
ஒன்று எனக்குக் கேட்கவில்லை,
எங்கள் வீட்டுக் குக்கர் கத்தியது.

ஒரு அறை விழுகிறது.
ஒரே அறையை மூன்று பக்கமிருந்து காட்டுகிறார்கள்.
ஒன்றா, மூன்றா என்று கோலை நிறுத்தினேன்.
"மூணாப் போடு" என்றாள் அடைக்கலமேரி.
"நாம மூணு தரந்தானே பார்த்தோம்."

அறைந்த மாமியாரை எனக்குத் தெரியும்.
அன்று மதியம் கிணற்றடி நிழலில்
முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு
மகளின் நர்சிங் படிப்பு, கட்டணம், வட்டி என்று
போனில் யாரிடமோ கெஞ்சினாள்.
அறை வாங்கிய மருமகள்
நாய்க்குப் பிஸ்கட் பிட்டுப் போட்டபடி
"நகையைக் கூட்டுறவுல வைங்கம்மா, வட்டி கம்மி" என்றாள்.
ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.
சிங்கப்பூர்க்காரன் பேச்சே எழவில்லை.
கேமரா அப்போது சாப்பிடப் போயிருந்தது.

இதோ, என் கை.
வெங்காயம், அருவாமனை, வளையல்.
பதினொரு விநாடி.
மாவு மெஷினில் மாட்டிய பெருவிரல் தழும்பு
திரை நிறைய.
அடுத்த காட்சியில் நாயகி கண்ணைத் துடைக்கிறாள்.
விரல் வழவழவென்று இருக்கிறது.
"சீக்கிரம் ஆறிருச்சே" என்றாள் மேரி.
சிரித்ததில் இரண்டு வசனம் விட்டுப்போச்சு.
சிங்கப்பூரில் சேர்த்துக்கொண்டேன்.

விளம்பரத்தில் ஒருத்தி
தரை துடைத்தாள், பல் தெரிய.
"இவளைச் சேர்க்கவா?"
மேரி கொஞ்சம் யோசித்தாள்.
"இவளுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு
தெரியலையே" என்றாள்.

கோடு போட இடமில்லை.
சீட்டைத் திருப்பினேன்.
எண்ணூற்று நாற்பது ரூபாய்,
பதினெட்டாம் தேதிக்குள்.