எதிர் எடை

காலை எட்டு மணிக்குக் குப்பை லாரி வரும்.
அதற்குள் ஏழு ஜன்னல்கள்.
டண்டீயில் நவம்பர் இருட்டு
மூன்றரைக்கே படியேறி வந்துவிடும்;
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டேன்.
லாக்லன் முகமூடியைத் தேடுகிறான்.
இந்தப் பழைய பெயிண்டில் ஈயம் உண்டு,
நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்,
தூசியை மூச்சில் இழுத்தால்
அப்புறம் நாங்களும் அந்த லாரிக்குத்தான்.

முதலில் திருகாணிகள்.
தலைப்பள்ளம் முழுக்க வெள்ளை.
ஆணி முனையால் கிளறினால்
வெள்ளைக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில்
யாரோ ஒருத்தி துணிந்து அடித்த மஞ்சள்.
அவளை எனக்குப் பிடித்துவிட்டது.
திருப்புளி வழுக்குகிறது. திட்டுகிறேன்.
மெல்ல அசைந்து கொடுக்கிறது,
எண்ணெய்க்கா, திட்டுக்கா, தெரியவில்லை.

பித்தளைத் தாழ்ப்பாள்கள்
பழைய சூப் பானையில்
சோடா உப்போடு கொதிக்கின்றன.
மாடியிலிருந்து இறங்கிய திருமதி கின்னியர்ட்
இரவுக்கு என்ன சமையல் என்கிறார்.
தாழ்ப்பாள், என்கிறேன்.
நன்றாக வேகட்டும், என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கண்ணாடி பதினான்கு.
என் முழங்கை பட்டது. பதின்மூன்று.
பழைய கண்ணாடி எதையும் நேராகக் காட்டாது.
எதிர்த் தேவாலயக் கோபுரம் அதற்குள் நெளிந்து நிற்கும்,
நாம் தலையை அசைத்தால்
அதற்கு விக்கல் எடுக்கும்.
யூயன் தன் தக்காளிச் செடிகளுக்குக் கேட்டிருக்கிறான்.
தக்காளிக்கு நேரான வானம் தேவையில்லையாம்.

பிறகு சுவர்.
சட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மரப்பலகை.
நெம்பி எடுத்துக் கையை விட்டால்
கயிறு,
கயிற்றின் முனையில்
குளிர்ந்த, நீண்ட இரும்பு.
ஜன்னலுக்கு நான்கு, மொத்தம் இருபத்தெட்டு.
காற்று வேண்டி நாங்கள் மேலே தள்ளியபோதெல்லாம்
இது இருட்டில் கீழே இறங்கியிருக்கிறது.
மழைக்குப் பயந்து மூடியபோது
ஏறியிருக்கிறது.
ஒருமுறைகூடத் தெருவைப் பார்த்ததில்லை.

சமையலறை ஜன்னல் மட்டும் எப்போதும் தொல்லை.
திறந்து வைத்தால், சொல்லாமல் கொள்ளாமல்
ஒரு சாண் இறங்கிவிடும்.
மரக்கரண்டியை முட்டுக் கொடுத்தோம்.
கரண்டியை யார் எடுத்தது என்று
பதினோரு வருஷம் சண்டை.
நீ இழுத்த இழுப்பில்தான் கெட்டது என்பான்.
நீ மெழுகு தடவாததால்தான் என்பேன்.
ஒரு கிறிஸ்துமஸ் இரவு
முதுகு காட்டிப் படுத்தோம்;
அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் இடது குழியிலிருந்து வந்தது
மற்றவை போல் இல்லை.
சணல் ஆலைத் தறியின் ஏதோ ஓர் உறுப்பு,
பல் தேய்ந்தது,
கயிறு நுழைய யாரோ துளை போட்டது.
மீன் பிடிக்கப் போகையில் எடுத்துப்போகும் தராசில்
மாட்டிப் பார்த்தோம்.
வலது பக்கத்து இரும்பைவிட
முந்நூறு கிராம் குறைவு.

நான் முள்ளைப் பார்த்தேன்.
அவனும் முள்ளைத்தான் பார்த்தான்.

கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருப்பார்கள்,
என்றான் லாக்லன், வெகுநேரம் கழித்து.
சம்பளத்துக்கு முந்தின வாரமாக இருந்திருக்கும்.
கிட்டத்தட்டப் போதும் என்று
நினைத்திருப்பார்கள்.

போதும்தான், கிட்டத்தட்ட.

புது ஜன்னலுக்கு எடை வேண்டாம், ஸ்பிரிங்காம்.
குழிகளில் நுரை அடைப்பார்களாம்.
இருபத்தேழு இரும்பும்
எண்ணெய் தடவிப் பெட்டிக்குள் போயின,
ஆற்றங்கரையில் படகு வைத்திருப்பவர் ஒருவர்
அடிப்பாரத்துக்குக் கேட்டிருக்கிறார்.
தறி இரும்பைத் தராசிலிருந்து
யாரும் கழற்றவில்லை.

இரவெல்லாம் ஜன்னல் இருந்த இடத்தில்
பாலிதீன் தாள் மூச்சு வாங்கியது.
ஏழே முக்காலுக்கு
லாரி பின்வாங்கும் சத்தம்.
லாக்லன் கடைசிச் சட்டத்தைத் தோளில் தூக்கி,
வாசலில் நின்று கேட்டான்:
கரண்டியை எடுத்தாயா?
நான் எடுக்கவில்லை.
அது அங்கேயே கிடந்தது, விளிம்பில்,
முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாமல்.